எரிமலைத் தீவுகளில் நடைப்பயணம்

மலை என்றவுடன் நம் நினைவிற்கு வருவன முகில் தவழும் முடியும், அருவி பாயும் சரிவும், மூங்கிலும் சந்தனமும் செறிந்த சோலையுமே ஆகும். அசையாமைக்கும் நிலைபேற்றிற்கும் மலையையே உவமை கூறுதல் புலவர் மரபு. ஆயினும், அம்மரபிற்கு அடங்காத மலைகளும் உலகில் உள்ளன. அவை உறுமும், நடுங்கும், புகையும் நெருப்பும் உமிழும். அவற்றுட் சில, ஒரே நாளில் தம் முடியை இழந்து குறுகிவிடும். வேறு சில, கடலடியினின்று புதியனவாய்ப் பிறந்து, ஒருவர் வாழ்நாளுக்குள்ளேயே ஓங்கி வளர்ந்து நிற்கும். இத்தகைய எரிமலைகள் செறிந்த தீவுகளில் நண்பரோடு கூடிக் கால்நடையாய்ச் சுற்றிவருதல், இன்பமும் இடரும் ஒருங்கே உடைய செயலாகும். அவ்வின்பம் யாது, அவ்விடர் யாது, இடரினின்று தற்காத்துக் கொள்ளும் வழி யாது என்பவற்றை ஈண்டுக் காண்போம்.

இந்தியப் பெருங்கடலுக்கும் பசிபிக் பெருங்கடலுக்கும் இடையே, நிலநடுக்கோட்டின் இருமருங்கிலும், மாலை தொடுத்தாற்போலப் பரந்து கிடப்பது இந்தோனேசியத் தீவுக்கூட்டம். அதில் 17,000க்கும் மேற்பட்ட தீவுகளும், 120க்கும் மேற்பட்ட உயிருள்ள எரிமலைகளும் உள்ளன. அத்தீவுகள் நம் முன்னோர்க்குப் புதியன அல்ல. ஜாவா என இன்று வழங்கும் தீவைச் சாவகம் என்னும் பெயரோடு இயைத்துக் கூறுவர். மணிமேகலைக் காப்பியத்தில், ஆபுத்திரன் மறுபிறப்பில் சாவக நாட்டு மன்னனாய் விளங்குகிறான். சுமத்திரா தீவில் 1088ஆம் ஆண்டிற்குரிய தமிழ்க் கல்வெட்டொன்று கிடைத்துள்ளது. திசையாயிரத்து ஐந்நூற்றுவர் என்னும் தமிழ் வணிகக் குழுவினர் அங்கே வாணிகம் செய்தமையை அஃது உணர்த்துகிறது.

இத்தீவுகளில் எரிமலைகள் இவ்வளவு மிகுந்திருத்தற்குக் காரணம் யாது? பூமியின் மேலோடு ஒரே பாளமாய் அமைந்ததன்று. பல பெருந்தட்டுகளாய்ப் பிளவுபட்டுக் கிடப்பது. அவற்றுள் தெற்கே இந்தியப் பெருங்கடலின் அடியிலுள்ள தட்டு, ஆண்டுதோறும் ஆறு அல்லது ஏழு சென்டிமீட்டர் அளவு வடக்கு நோக்கி நகர்ந்து, இத்தீவுகளைத் தாங்கும் தட்டின் அடியில் புகுந்துகொண்டே இருக்கிறது. நம் கைந்நகம் வளரும் வேகத்தைப்போல் ஏறத்தாழ இருமடங்கே அதன் வேகம். அவ்வாறு புகும் தட்டு, கடல்நீரையும் தன்னொடு கொண்டு செல்கிறது. பனிக்கட்டியின்மீது உப்பிட்டால் அது விரைந்து உருகுதலை நாம் அறிவோம். அதுபோலவே, மிகுந்த வெப்பத்தோடு இருக்கும் ஆழ்நிலப் பாறையில் நீர் கலந்ததும், அப்பாறை எளிதில் உருகுகிறது. உருகிய குழம்பு மேலெழுந்து, வெளியேற வழி கிடைத்த இடத்தே எரிமலையாகிறது. குழம்பினுள் நீராவியும் பிற வளிகளும் அடங்கியுள்ளன. சோடாப் புட்டியைக் குலுக்கித் திறந்தால் நுரை பீறிட்டெழுதல் போல, அவை அழுத்தம் நீங்கியவுடன் பாறையையும் சாம்பலையும் வானளாவ வீசி வெளிப்படுகின்றன.

நாமும் நண்பர் நால்வரைத் துணைக்கொண்டு, முதுகுப்பை தாங்கி, இத்தீவுகளில் மேற்கிலிருந்து கிழக்கு நோக்கிப் பயணம் புறப்படுவதாகக் கொள்வோம். மே முதல் செப்டம்பர் வரையுள்ள மழை குறைந்த மாதங்களே இதற்கு ஏற்றவை. மழைக்காலத்தில் மலைச்சரிவிற் படிந்த சாம்பல் நீரோடு கலந்து, சேற்றுப் பெருக்காய் ஆற்றுவழியே பாய்ந்து பாலங்களையும் வீடுகளையும் வாரிக்கொண்டு போவதுண்டு. நிலநடுக்கோட்டு நாட்டிற்குக் கம்பளியாடை எற்றுக்கு எனச் சிலர் வினவக்கூடும். ஆயிரம் மீட்டர் உயரம் ஏறுந்தோறும் வெப்பம் ஏறத்தாழ ஆறு பாகை குறைதலின், மூவாயிரம் மீட்டர் மலையுச்சியில் விடியற்காலத்தே பல் கிட்டும் குளிர் உண்டாம். ஆதலின் கம்பளியாடை, கைவிளக்கு, ஊன்றுகோல், குடிநீர், நச்சுப்புகையைத் தடுக்கும் முகமூடி ஆகியன பையில் இடம்பெறல் வேண்டும்.

இவற்றினும் இன்றியமையாத ஒன்று உண்டு. அதுவே மலையின் அன்றைய நிலையைப் பற்றிய அறிவு. இந்தோனேசிய எரிமலை ஆய்வாளர்கள் மலைகளின் நடுக்கத்தையும் வீக்கத்தையும் புகையையும் கருவிகளால் அளந்து, அவற்றின் நிலையை நான்கு படிகளாய் வகுத்து அறிவிக்கின்றனர். இயல்பு நிலை, விழிப்பு நிலை, ஆயத்த நிலை, பேரெச்சரிக்கை நிலை என அவற்றைத் தமிழிற் கூறலாம். எந்த மலைக்கு எவ்வளவு தொலைவுவரை செல்லலாம் என்பதும் உடன் அறிவிக்கப்படும். அதனைக் கேளாது மலையடி வைத்தல், ஆழம் அறியாது ஆற்றில் இறங்குவதை ஒக்கும்.

முதலிற் காணத்தக்கது, சுமத்திராவிற்கும் சாவகத்திற்கும் இடைப்பட்ட சுந்தா நீரிணையிலுள்ள கிரக்கத்தோவா. 1883ஆம் ஆண்டு ஆகஸ்ட்டு 26, 27 ஆகிய நாள்களில் இத்தீவு வெடித்துச் சிதறியது. அப்பேரொலி ஏறத்தாழ 4,800 கிலோமீட்டர் தொலைவிலுள்ள ரோட்ரிக்சு தீவிலும் கேட்டது. அங்கிருந்தோர் அதனைத் தொலைவிலுள்ள கப்பலின் பீரங்கி முழக்கமெனக் கருதினர். முப்பது மீட்டருக்கும் மேலாக எழுந்த பேரலைகள் இருகரையிலுமிருந்த ஊர்களை அழித்தன. இறந்தோர் 36,000க்கும் மேற்பட்டோர். அவருள் மிகப் பலர் நெருப்பினால் மாண்டவரல்லர், நீரினால் மாண்டவரே. எரிமலைக்கு அஞ்சுவோர் நெருப்பிற்கு மட்டுமன்றிக் கடலுக்கும் அஞ்சல் வேண்டும் என்பதை உலகம் அன்று உணர்ந்தது.

இவ்வழிவின் பின் நிகழ்ந்தது வியப்பிற்குரியது. 1884ஆம் ஆண்டு மே மாதத்தில் எஞ்சிய நிலத்துண்டில் இறங்கிய ஆய்வுக் குழுவினர், அங்கே உயிருள்ள பொருளாய்க் கண்டது ஒரு சிறு சிலந்தி மட்டுமே. அது வெறுமையான சாம்பல் நிலத்தில் தன் வலையைப் பின்னிக்கொண்டிருந்தது! காற்றும் கடலும் பறவையும் கொணர்ந்த விதைகளால் அந்நிலம் பின்னர்ப் பசுங்காடாயிற்று. 1927ஆம் ஆண்டில், பழைய மலை மூழ்கிய இடத்தே கடலடியினின்று புதிய எரிமலை எழத் தொடங்கியது. அதனை அந்நாட்டார் ‘அனாக் கிரக்கத்தாவு’, அஃதாவது கிரக்கத்தோவாவின் குழந்தை, என்று அழைக்கின்றனர். முந்நூறு மீட்டருக்கு மேல் வளர்ந்த அக்குழந்தை 2018ஆம் ஆண்டு டிசம்பர் 22ஆம் நாள் இரவில் ஒருபுறம் சரிந்து கடலில் வீழ, எழுந்த அலையால் நானூற்றுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். ஆதலின், அத்தீவு கொந்தளிக்கும் காலத்துப் படகிலமர்ந்து தொலைவினின்றே காணுதல் அறிவுடைமையாம்.

அடுத்துச் சாவகத்தின் கிழக்குப் பகுதிக்குச் செல்வோம். அங்கே பழைய மாமலையொன்று உள்ளொடுங்கி வீழ்ந்தமையால், ஏறத்தாழ பத்துக் கிலோமீட்டர் அகலமுள்ள பெரும்பள்ளம் உண்டாகியுள்ளது. அதன் அடிப்பகுதி முழுதும் கருமணல் பரந்து கிடத்தலின் மணற்கடல் என்பர். அம்மணற்கடலின் நடுவே புகைந்துகொண்டு நிற்பது 2,329 மீட்டர் உயரமுள்ள புரோமோ. பிரமன் என்னும் பெயரே அந்நாட்டார் நாவில் புரோமோ என்றாயிற்று. தெற்கே சாவகத்தின் மிக உயர்ந்த முடியாகிய செமேரு 3,676 மீட்டர் உயர்ந்து நிற்கிறது. அப்பெயரில் மேரு மலை மறைந்து நிற்றல் வெளிப்படை. நள்ளிரவு கடந்து, கைவிளக்கொளியில் மணற்கடலைக் கடந்து செல்லும் பயணிக்கு, முன்னே செல்லும் தோழனின் காலடியோசையே வழித்துணை. கதிரவன் எழுங்கால், பனிமூட்டத்தின்மேல் மலைமுடிகள் தீவுகள் போல் மிதக்கும் காட்சி, நடந்த களைப்பு முழுவதையும் போக்கிவிடும்.

இம்மலைப்பகுதியில் வாழும் தெங்கர் மக்கள் இந்து சமயத்தைப் பின்பற்றுபவர். ஆண்டுதோறும் கசாடா என்னும் திருவிழாவில் அவர்கள் தாம் விளைத்த காய்கனிகளையும், நெல்லையும், கோழி, ஆடு முதலியவற்றையும் புரோமோவின் வாயில் இட்டு வழிபடுகின்றனர். மலைவாயின் உட்சரிவில் வலையேந்தி நின்று, எறியப்படும் பொருள்களைப் பிடித்துக்கொள்வோரும் உண்டு. தமக்கு வாழ்வளிக்கும் மலைக்கு முதற்பங்கை அளித்தல் தம் கடன் என்பது தெங்கர் மக்களின் கருத்து.

சாவகத்தின் கீழ்க்கோடியிலுள்ள இஜேன் மலையின் வாயில், மரகதமும் நீலமும் கலந்தாற்போன்ற நிறமுடைய ஏரி ஒன்று உண்டு. கண்ணைக் கவரும் அவ்வேரியிலுள்ளது நீரன்று. மின்கலத்தில் ஊற்றும் அமிலத்திற்கு நிகரான கடுங்காடி. ஏரிக்கரையில் பாறைப் பிளவுகள் வழியே கந்தக வளி வெளிப்பட்டுத் தீப்பற்றி எரிதலின், இரவில் நீலச்சுடர்கள் ஓடி விளையாடுவதைக் காணலாம். பகலொளியில் அச்சுடர் கண்ணுக்குத் தோன்றாது. காற்றுத் திசைமாறி அடிப்பின், கந்தகப் புகை நொடிப்பொழுதில் சூழ்ந்து மூச்சைத் திணறச் செய்யும். அந்நிலையில் ஓடுதல் கூடாது. முகமூடியை இறுக்கி, ஒருவர் கையை ஒருவர் பற்றி, வழிகாட்டி நிற்கச் சொன்ன இடத்தே புகை விலகுமளவும் நிற்றல் வேண்டும்.

பயணிகள் ஒரு பொழுது காண வரும் இவ்விடத்தில், பொருளீட்டும் பொருட்டு நாடோறும் இறங்குவோரும் உளர். அவர்கள் குழாய்களின் வழியே வடிந்து உறையும் மஞ்சட் கந்தகத்தை இரும்புக் கோலால் உடைத்து, மூங்கிற் கூடைகளில் இட்டு, காவடிபோல் தோளிற் சுமந்து செங்குத்தான சரிவில் ஏறுவர். ஒருவர் சுமை எழுபது முதல் தொண்ணூறு கிலோகிராம் வரை இருக்கும். புகையைத் தடுக்க ஈரத்துணியை வாயிற் கவ்விக்கொள்வோரும் அவருள் உண்டு. நம் முதுகுப்பை கனக்கிறதென முணுமுணுக்கும் நாம், அவர் எதிர்ப்படுங்கால் ஒதுங்கி வழிவிடுதலே முறை.

புகையாவது கண்ணுக்குத் தெரியும். தெரியாத வளி அதனினும் கொடியது. நடுச்சாவகத்துத் தியெங் மேட்டுநிலத்தில் 1979ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம், வெடிப்பிற்கு அஞ்சி ஓடிய ஊரார் ஏறத்தாழ 150 பேர், பள்ளமான பாதையில் தேங்கியிருந்த கரியமில வளியில் சிக்கி மாண்டனர். அவ்வளி காற்றினும் கனமானது. நிறமும் மணமும் அற்றது. தாழ்ந்த இடங்களிற் படிந்து நிற்பது. எரிமலைச் சரிவில் கூடாரம் அடிப்போர், காற்றுக்கு மறைவென எண்ணிக் குழிவான இடத்தைத் தேடாமை இது பற்றியே.

இனிக் கடல் கடந்து பாலித் தீவை அடைவோம். அங்குள்ள அகுங் மலையின் சரிவிலேயே பெசாக்கி என்னும் பெருங்கோயில் அமைந்துள்ளது. 1963ஆம் ஆண்டு அம்மலை வெடித்தபோது ஆயிரத்திற்கும் மேற்பட்டோர் இறந்தனர். பின்னர் 2017ஆம் ஆண்டில் மலை மீண்டும் நடுங்கத் தொடங்கியது. இம்முறை ஆய்வாளர்கள் முன்கூட்டியே எச்சரிக்க, ஒரு நூறாயிரத்திற்கும் மேற்பட்ட மக்கள் தம் வீட்டையும் கால்நடையையும் விட்டு அகன்றனர். நவம்பரில் மலை வெடித்தது. வெடிப்பினால் உயிர்ச்சேதம் நேரவில்லை. அதே மலை, அதே சரிவு, இடைப்பட்ட ஐம்பத்து நான்கு ஆண்டுகளில் மாறியது மனிதனின் அறிவும், அவ்வறிவிற்குச் செவிசாய்த்த பண்புமே.

இத்துணை இடருக்கும் இடையே மக்கள் இம்மலைகளை விட்டு நீங்காமைக்குக் காரணம், பாலியின் படிவயல்களைக் கண்டவுடன் விளங்கும். எரிமலைச் சாம்பல், பயிருக்கு வேண்டும் பல சத்துகளைத் தன்பாற் கொண்டது; வெப்பநாட்டு மழையில் விரைந்து மக்கி வளமண்ணாவது. மலையேரிகளின் நீரைச் சுபாக் என்னும் உழவர் கூட்டங்கள் கோயில்களை நடுவாகக் கொண்டு முறைவைத்துப் பகிர்ந்து கொள்கின்றன. ஐக்கிய நாடுகளின் கல்வி, அறிவியல், பண்பாட்டு நிறுவனம் 2012ஆம் ஆண்டில் அதனை உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றுக்கொண்டது. உழவன் மலைக்கு அஞ்சுகிறான். ஆயினும் அவன் உண்ணும் சோறு மலை இட்டதே.

பாலிக்குக் கிழக்கே ஏறத்தாழ முப்பத்தைந்து கிலோமீட்டர் அகலமுள்ள நீரிணையைக் கடந்தால் லொம்போக் தீவு தோன்றும். 1856ஆம் ஆண்டில் இந்நீரிணையைக் கடந்த ஆல்பிரடு ரசல் வாலசு என்னும் இயற்கையறிஞர், இருகரையிலும் வாழும் பறவையினங்கள் பெரிதும் வேறுபட்டிருத்தலைக் கண்டு வியந்தார். ஆசியாவின் உயிரினங்களையும் ஆஸ்திரேலியாவின் உயிரினங்களையும் பிரிக்கும் எல்லை இதுவே என அவர் தெளிந்தார். ஆழ்ந்த அந்நீரிணை, பல்லாயிரம் ஆண்டுகளாய் விலங்கினங்களுக்குக் கடத்தற்கரிய அரணாய் இருந்துள்ளது.

லொம்போக்கில் 3,726 மீட்டர் உயரமுள்ள ரிஞ்சானி மலைமீது ஏறுதலே நம் பயணத்தின் கடினமான பகுதி. செல்லவும் மீளவும் மூன்று நான்கு நாள்கள் ஆகும். சுமையாளர்கள் நீண்ட மூங்கிற் கழியின் இருமுனையிலும் அரிசியும் பாத்திரமும் கூடாரமும் கட்டித் தோளிலேந்தி, நமக்கு முன்னரே விரைந்தேறிச் சோறு சமைத்து வைப்பர். இறுதிநாள் நள்ளிரவிற்குப்பின் உச்சியை நோக்கிப் புறப்படல் வேண்டும். அங்குள்ள சரிவு முழுதும் உதிர்ந்த கற்பொடியே ஆதலின், ஈரடி ஏறினால் ஓரடி சறுக்கும். ஈண்டு ஒரு விதியை மறத்தலாகாது. குழுவின் வேகம், அக்குழுவில் மிக மெல்ல நடப்பவனின் வேகமே ஆதல் வேண்டும். தோழனைப் பின்னே விட்டு முந்தி உச்சியை அடைந்தவன் மலையை வென்றவனல்லன்; நட்பை இழந்தவனே.

உச்சியினின்று கீழே நோக்கின், பிறைமதி வடிவில் நீலநிற ஏரியொன்று தோன்றும். செகாரா அனாக் என்பது அதன் பெயர். கடலின் குழந்தை என்பது பொருள். சாகரம் என்னும் வடசொல்லே அங்குச் செகாரா எனத் திரிந்தது. அவ்வேரி நிறைந்துள்ள பெரும்பள்ளம் உண்டான வரலாறு சுவையுடையது. துருவப் பனிப்படலங்களை அகழ்ந்து ஆராய்ந்தோர், பதின்மூன்றாம் நூற்றாண்டின் இடையில் உலகில் எங்கோ பெரியதோர் எரிமலை வெடித்ததற்கு அடையாளமாகக் கந்தகப் படிவைக் கண்டனர். அது எம்மலை என்பது நெடுங்காலம் விளங்கவில்லை. லொம்போக்கில் பழைய சாவக மொழியில் எழுதப்பட்ட பனையோலைச் சுவடிகளோ, சமலாசு என்னும் மலை இடிந்து வீழ்ந்ததையும், பமாத்தான் என்னும் நகர் அழிந்ததையும் கூறிக்கொண்டிருந்தன. மண்ணையும் சாம்பலையும் சுவடியையும் ஒப்பிட்டாராய்ந்த அறிஞர்கள், 1257ஆம் ஆண்டில் வெடித்தது ரிஞ்சானியின் பக்கத்து மலையாகிய சமலாசே என 2013ஆம் ஆண்டில் வெளியிட்டனர். பனிக்கட்டி காத்த செய்திக்குப் பனையோலை சான்று பகர்ந்தது. பழஞ்சுவடிகளைப் போற்றுதலின் பயனுக்கு இதனினும் வேறு சான்று வேண்டுமோ!

இம்மலையில் 2018ஆம் ஆண்டு சூலை 29ஆம் நாள் காலை நிகழ்ந்த ஒன்றையும் அறிதல் நன்று. நூற்றுக்கணக்கான பயணிகள் மலைமேல் இருந்தபோது, 6.4 அளவுள்ள நிலநடுக்கம் தீவை உலுக்கியது. பாறைகள் உருண்டன, நிலம் சரிந்து பாதைகள் அடைபட்டன. ஏரிக்கரையில் சிக்கியோர் இரவு முழுதும் அங்கேயே தங்க நேர்ந்தது. உள்ளூர் வழிகாட்டிகளும் சுமையாளர்களும் தம் ஊரிலும் வீடுகள் இடிந்திருக்குமோ என்ற கவலையோடிருந்தும், தம்மை நம்பி வந்தோரைக் கைவிட்டு ஓடவில்லை. மீட்புப் படையினரோடு சேர்ந்து மாற்றுவழிகளில் அவர்களை இறக்கிக் கொணர்ந்தனர். உயிரோடு மீண்டோர் பலர், தம் உயிர்க்கு அவ்வெளிய மனிதர்களின் கடமையுணர்விற்குக் கடன்பட்டவராவர்.

இதற்கு மாறான துயரமும் நிகழ்ந்துள்ளது. சுமத்திராவிலுள்ள மராப்பி மலையின் வாயினின்று மூன்று கிலோமீட்டர் தொலைவிற்குள் எவரும் செல்லலாகாதென ஆய்வாளர் அறிவித்திருந்தும், மலையேற்றம் நிகழ்ந்துகொண்டுதான் இருந்தது. 2023ஆம் ஆண்டு டிசம்பர் 3ஆம் நாள் அம்மலை திடீரென வெடித்தபோது, மேலே இருந்தோருள் 24 பேர் மாண்டனர். அவருள் இளைஞர் பலர். நேற்று ஏறியவர் நலமாய் மீண்டார் என்பது, இன்று ஏறுவார்க்கு உறுதிமொழி ஆகாது. மலைக்கு நேற்றும் இன்றும் ஒன்றல்ல.

எரிமலைத் தீவுகளில் நடக்கும் இளைஞர் இவற்றால் அறியத்தக்கன மூன்று. அறிந்தோர் விடுக்கும் எச்சரிக்கையை மதித்தல் முதலாவது. உடன் வந்தாரை இடுக்கணிற் கைவிடாமை இரண்டாவது. உச்சி கண்ணெதிரே தோன்றும்போதும், வேண்டுமிடத்துத் திரும்பி வரும் மனத்திட்பம் மூன்றாவது. ஏறுதற்கு வேண்டும் துணிவினும் திரும்புதற்கு வேண்டும் துணிவே பெரிது. என்னை? ஏறுவானைப் பலர் புகழ்வர்; திரும்புவானைச் சிலர் எள்ளவும் கூடும். அவ்வெள்ளலைப் பொறுத்துக்கொண்டு தானும் தன் தோழரும் நலமுற வீடு திரும்புபவனுக்கு, மற்றொரு நாள் அம்மலை தன் அழகு முழுவதையும் காட்டும்.